முள் அசைந்தால் போதுமா? – ஊதாச் சவ்வின் ஒளிமின்சாரம் பற்றி ஒரு திறனாய்வு

உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் சவ்வைப் பிரித்தெடுத்துக் கண்ணாடியின்மேல் மெல்லியதாகப் பூசி, அதன்மீது ஒளியைப் பாய்ச்சினால் மின்சாரம் உண்டாகிறது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது. ஒரு முறை அது ‘உயிர்ச் சூரிய மின்கலம்’ என்ற பெயரில் வரும். இன்னொரு முறை ‘புரதக் கணிப்பொறி’ என்று வரும். பிறகு ‘செயற்கை விழித்திரை’ என்று வரும். செய்தி பொய்யன்று. ஒளி பட்டதும் மின்மானியின் முள் அசைவது உண்மையே. அந்த அசைவு எவ்வளவு, எதனால் ஏற்பட்டது என்று கேட்க வேண்டிய இடத்தில் செய்தி முடிந்துவிடுகிறது என்பதே நம் குறை. இப்பொருள் பற்றி வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளையும், பலரும் படித்த ஒரு பொதுக் கட்டுரையையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் சொல்லப்பட்டவை எந்த அளவுக்கு நிற்கும் என்று இங்கே பார்க்கலாம்.

பொருள் நமக்கு அந்நியமானதன்று. பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் அதிராம்பட்டினம். அங்கே உப்பளங்கள் இருக்கின்றன. கடற்கரையோரமாகக் கிழக்கே போனால் வேதாரணியம். கடல் நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. கோடை வெயிலில் பாத்தி நீர் சுண்டிச் சுண்டி, உப்பு படியும் தறுவாயில் அது இருபத்தைந்து பங்கை எட்டிவிடும். வேறு எந்த உயிரும் வாடிப்போகும் அந்த நீரில் சில நுண்ணுயிர்கள் மட்டும் கொழித்து வளர்கின்றன; பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறுவது அவற்றால்தான். அவற்றுள் ஒன்று ஹாலோபாக்டீரியம் சலினாரம். பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் இன்றைய வகைப்பாட்டில் அது பாக்டீரியா அன்று. ஆர்க்கியா என்ற தனிக் குலத்தைச் சேர்ந்தது.

இங்கேயே ஒரு தவறான கருத்தை விலக்கிவிட வேண்டும். உப்பளத்தின் சிவப்பு நிறம்தான் மின்சாரம் தரும் பொருள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியன்று. பாத்தியின் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம் இவ்வுயிர்களின் பாக்டீரியோரூபெரின் என்ற நிறமியும், டூனாலியல்லா என்ற பாசியின் கரோட்டினும் ஆகும். நாம் பேசும் பொருள் ஊதா நிறமுடையது. நீரில் ஆக்சிஜன் குறைந்து, வெளிச்சம் மட்டும் தாராளமாக இருக்கும்போது, இந்த உயிர் தன் மேல்சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. இவற்றைப் பிரிப்பதும் எளிது. உப்பில் வாழ்ந்த உயிரை நன்னீரில் போட்டால் அது வெடித்துவிடும். மற்றப் பகுதிகள் சிதைந்து போக, ஊதாத் திட்டுகள் மட்டும் சிதையாமல் நிற்கும்.

1971ஆம் ஆண்டில் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட், வால்ட்டர் ஸ்டோக்கீனியஸ் இருவரும் இந்தத் திட்டில் ரெட்டினால் என்ற மூலக்கூறு இருப்பதைக் கண்டனர். நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை வாங்கிக்கொள்ளும் அதே மூலக்கூறுதான் அது. உணவில் வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் மாலைக்கண் நோய் வருவது இந்த ரெட்டினால் போதாமையால்தான். கண்ணில்லாத ஓர் உயிரில் அது எதற்கு? இரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்தது. பாக்டீரியோரோடாப்சின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம், ஒளியைக் கொண்டு புரோட்டானை உயிரின் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது.

இதன் வேலையை நம் வயற்காட்டு ஏற்றத்தோடு ஒப்பிடலாம். ஏற்றம் ஒரு முறை தாழ்ந்து எழுந்தால் ஒரு சால் நீர் மேலே வரும். இங்கே ஓர் ஒளித்துகள் புரதத்தில் விழுந்தால் ரெட்டினால் வளைந்து, பின் நிமிர்ந்து, அதற்குள் ஒரு புரோட்டான் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போய்ச் சேர்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிசெகண்டு பிடிக்கும். வாய்க்கால் பக்கம் நீர் குறைந்து வயல் பக்கம் நீர் நிற்பதுபோல, சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான் மிகுந்து மறுபக்கம் குறைகிறது. புரோட்டான் மின்னேற்றம் உடையது. ஆகவே சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு தோன்றுகிறது. உயிர் அந்த அழுத்தத்தைக் கொண்டு தனக்கு வேண்டிய ஏ.டி.பி.யைத் தயாரித்துக்கொள்கிறது. மாஸ்கோவில் ஸ்குலாச்செவின் குழுவினர் 1974ஆம் ஆண்டிலேயே இந்த மின்னோட்டத்தை நேரடியாக அளந்து காட்டினர்.

புரதத்தின் அமைப்பைத் துலக்கியதில் ஓர் இந்தியரின் பங்கும் உண்டு. நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானா, பரிசுக்குப் பிறகு இந்தச் சவ்வுப் புரதத்தின் பக்கம் தம் கவனத்தைத் திருப்பினார். அதன் 248 அமினோ அமிலங்களின் வரிசை 1979இல் அவருடைய குழுவாலும், ரஷ்யாவில் ஓவ்சின்னிக்கோவின் குழுவாலும் தனித்தனியே வெளியிடப்பட்டது. பின்னர் ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்து, 85ஆம் இடத்திலும் 96ஆம் இடத்திலும் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலங்களே புரோட்டானைக் கைமாற்றிக் கொடுக்கின்றன என்று காட்டியதிலும் அவர் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த 96ஆம் இடம் சற்றுப் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி முதல் கேள்வி: எவ்வளவு மின்சாரம்?

இதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை; பென்சிலும் தாளும் போதும். ஊதாத் திட்டில் புரத மூலக்கூறுகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து, தேனடைபோல் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 11 சதுர நானோமீட்டர் இடம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒற்றை அடுக்காகப் பூசினால் சுமார் ஒன்பது இலட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். எண் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த அடுக்கின் தடிமன் 5 நானோமீட்டர் மட்டுமே. மஞ்சளும் பச்சையும் கலந்த, 570 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை இப்புரதம் நன்றாக உறிஞ்சும் என்றாலும், இவ்வளவு மெல்லிய அடுக்கில் அந்த ஒளியில் நூற்றில் கால் பங்குதான் பிடிபடுகிறது. மீதி ஒளி எல்லாம் ஊடுருவிப் போய்விடும். நடுப்பகல் வெயிலில் ஒரு மூலக்கூறுக்கு வினாடிக்குப் பத்து ஒளித்துகள் கிடைக்கலாம். அவற்றில் பத்துக்கு ஆறு பயன்பட்டால், ஒரு சதுர சென்டிமீட்டரில் உண்டாகும் மின்னோட்டம் கிட்டத்தட்ட 10 மைக்ரோ ஆம்பியர். சவ்வு தாங்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், திறன் 2 மைக்ரோவாட்.

எல்லா மூலக்கூறுகளும் ஒரே திசையில் நின்று, ஒன்றும் ஒழுகாமல், ஒன்றும் கெடாமல் இருந்தால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு இது. உண்மையில் அளக்கப்படும் மின்னோட்டங்கள் பெரும்பாலும் இதற்கு மிகக் கீழே, நானோ ஆம்பியர் அளவிலேயே இருக்கின்றன. உச்ச அளவையே வைத்துக்கொள்வோம். ஒரு 10 வாட் விளக்குக்கு 500 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டு சென்ட். ஒரு மா நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். அதே விளக்குக்குச் சிலிக்கன் தகடு செய்தித்தாள் பக்கத்தில் கால்வாசி இருந்தால் போதும். இரண்டுக்கும் இடையே பதினாயிரம் மடங்கு வேறுபாடு.

‘ஓர் அடுக்கு போதாவிட்டால் நூறு அடுக்குப் பூசலாமே’ என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சவ்வுகள் தொடர் இணைப்பில் உள்ள மின்கலங்களைப் போன்றவை. ஒரு மேட்டுக்கு நீர் ஏற்ற, படிப்படியாகப் பத்து ஏற்றங்களை வைத்தால் நீர் உயரமாகப் போகும். ஆனால் மேட்டில் வந்து விழும் நீரின் அளவு ஓர் ஏற்றம் இறைக்கும் அளவுதான். அடுக்க அடுக்க மின்னழுத்தம் கூடும், மின்னோட்டம் கூடாது. ஹங்கேரியில் வாரோவும் கெஸ்ட்ஹெயியும் மின்புலத்தால் திசைப்படுத்தி உலர்த்திய சவ்வுப் படலங்களைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் செய்த நல்ல ஆராய்ச்சிகளைப் பிறர் எடுத்துச் சொல்லும்போது இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகின்றனர். உலர்ந்த படலத்தில் புரோட்டானுக்கு வந்துபோகத் தடையற்ற நீர் இல்லை. மின்னேற்றம் சற்றே இடம் பெயர்ந்து நின்றுவிடும். மின்தேக்கியில் நடப்பது போன்றது அது. வெறும் மின்னழுத்தத்தைக் கொண்டு பெருமை பேசுவதானால், தலைவாரிய சீப்புக்கும் சில ஆயிரம் வோல்ட் உண்டு.

ஆகவே ‘உயிர்ச் சூரிய மின்கலம்’ என்ற பெயரை நான் ஏற்கவில்லை. ஒளியை உணரும் கருவியாக இது பயன்படுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் நாம் எடுத்துக்கொண்ட முதல் கட்டுரை.

1992இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜப்பானின் பூஜி போட்டோ பிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த மியாசாகா, கோயமா, இட்டோ மூவரும் அதை எழுதினர். ஒளி ஊடுருவும், மின்சாரமும் கடத்தும் வெள்ளீய ஆக்சைடுக் கண்ணாடியின்மேல் ஊதாச் சவ்வை மெல்லிய படலமாக ஏற்றி, அதன்மேல் நீர்த்தன்மையுள்ள ஒரு மின்பகுபொருள் அடுக்கை வைத்து, மறுபக்கம் இன்னொரு மின்முனையை அமைத்தனர். சவ்வை ஏற்றிய முறை லாங்முயர்–பிளாட்ஜட் முறை: நீர்ப்பரப்பில் எண்ணெய் பரவுவதுபோல் சவ்வைப் பரப்பி, ஓரங்களிலிருந்து நெருக்கி, கண்ணாடித் தகட்டை அதனூடே எடுக்கும்போது படலம் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

விளைவு வியப்பானது. ஒளி பட்ட கணத்தில் ஒரு மின்துடிப்பு. ஒளி தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தாலும் மின்னோட்டம் பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒளியை அணைத்ததும் எதிர்த்திசையில் இன்னொரு துடிப்பு. அதாவது இக்கருவி ஒளியின் மாற்றத்தைத்தான் காட்டுகிறது. ஒளியின் அளவைக் காட்டுவதில்லை. கணிதம் படிக்கும் மாணவர்கள் இதை வகைக்கெழு என்று உடனே கண்டுகொள்வர். 64 சிறு கட்டங்களாக இத்தகைய படலத்தை அமைத்து, அதன்மேல் ஓர் உருவம் நகரும்போது அதன் விளிம்புகள் மட்டும் புலப்படுவதை அவர்கள் காட்டினர். நிலையாக நிற்பதை விட்டுவிட்டு அசைவதை மட்டும் காணும் கண்! செயற்கைப் பார்வை பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் பிறகு இது இடம்பெற்றதில் ஆச்சரியமில்லை.

கருவி என்ற முறையில் இதை நான் மிகவும் மதிக்கிறேன். அசைவைக் கண்டுபிடிக்கச் சாதாரண ஒளிப்படக் கருவிக்குக் கணிப்பொறி ஒன்று தேவை. அடுத்தடுத்த படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கழித்தலைப் படலமே செய்துவிடுகிறது. இதைச் செய்த மியாசாகாவே பிற்காலத்தில், 2009இல், பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தை முதன்முதலில் அறிவித்த குழுவின் தலைவர் என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ளலாம். அன்று அதன் செயல்திறன் 3.8 விழுக்காடு, இன்று உலகெங்கும் அதில் ஆராய்ச்சி நடக்கிறது, இருபத்தைந்து விழுக்காட்டையும் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரத்துக்கு எந்தப் பொருள் தகும், எது தகாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது போலும்.

ஆனால் துடிப்பு எதனால் வருகிறது? புரதத்துக்குள் மின்னேற்றம் இடம் பெயர்வதால் என்பதே அப்போது பொதுவாகக் கொண்ட விளக்கம். அந்த விளக்கம் சரியென்றால் ஒரு விளைவு கட்டாயம் பின்தொடர வேண்டும். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் துடிப்பு வரும். பாதி ஏற்றங்கள் வாய்க்காலிலிருந்து வயலுக்கும், பாதி வயலிலிருந்து வாய்க்காலுக்கும் இறைத்தால் நிகரமாக ஒரு சொட்டும் ஏறாது அல்லவா? திசை கலந்த படலத்தில் இடப்பெயர்ச்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு துடிப்பு மறைய வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் ராபர்ட்சனும் லுகாஷெவும். 1995இல் ‘பயோபிசிக்கல் ஜர்னல்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையே நாம் பார்க்கும் இரண்டாவது கட்டுரை. அதே வெள்ளீய ஆக்சைடு மின்முனைதான். அதன்மேல் நன்கு திசைப்படுத்திய படலம் ஒன்று, திசை கலந்த படலம் ஒன்று என்று இருவகையும் செய்தனர். இயற்கைப் புரதத்தோடு, 96ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றிய புரதத்தையும் சோதித்தனர். இந்த மாற்றத்தால் புரோட்டானைத் திரும்பப் பெறும் வேலை மிகவும் மந்தமாகிவிடும். மஞ்சள் ஒளிக்குக் கீழ்ப்பட்ட அலைநீளங்களை வடிகட்டித் தடுத்துவிட்டே ஒளி பாய்ச்சினர். அவர்கள் வந்த முடிவு: இத்துடிப்புக்குக் காரணம் மின்னேற்ற இடப்பெயர்ச்சி அன்று; படலத்தை ஒட்டிய நீரில் பி.எச். மாறுவதே காரணம்.

இது எப்படி என்று சற்று நிதானமாகப் பார்ப்போம். புரதம் ஒரு பக்கம் புரோட்டானை முதலில் வெளியிடுகிறது. மறுபக்கம் புரோட்டானை எடுத்துக்கொள்வது சில மில்லிசெகண்டு கழித்துத்தான். ஒளி பட்டவுடன் எல்லா மூலக்கூறுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியிடுவதால், அருகில் உள்ள நீரில் ஒரு கணம் புரோட்டான் மிகுந்துவிடும். வெள்ளீய ஆக்சைடின் மேற்பரப்பு புரோட்டானை உணரக்கூடியது. அதன் மின்னேற்றம் மாற, வெளிச்சுற்றில் ஒரு துடிப்பு ஓடுகிறது. ஒளி தொடரும்போது, சில மூலக்கூறுகள் வெளியிட, சில எடுத்துக்கொள்ள, வரவும் செலவும் சமமாகி மாற்றம் நின்றுவிடும். ஒளியை அணைத்தால் வெளியீடு உடனே நிற்கும். எடுத்துக்கொள்ள வேண்டியவை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீரில் புரோட்டான் குறையும். எதிர்த் துடிப்பு ஓடும். இதில் மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பொருட்டே அன்று.

‘துடிப்பு வந்தது, கருவி வேலை செய்தது; காரணம் எதுவாக இருந்தால் என்ன?’ என்று கேட்பது எளிது. இங்கேதான் திறனாய்வு பயன்பட வேண்டும். இடப்பெயர்ச்சிதான் காரணம் என்று நம்பினால், படலத்தைத் திசைப்படுத்துவதில் முழு உழைப்பையும் செலுத்துவோம். ஜப்பானியக் குழுவினரே 1994இல் எதிர்ப்பொருள்களைக் கொண்டு சவ்வின் ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடியில் பற்றவைக்கும் முறை ஒன்றை, மிக நுட்பமாகத்தான், செய்து காட்டினர். பி.எச். மாற்றம்தான் காரணம் என்றால் கவனம் வேறு இடத்துக்குப் போக வேண்டும்: நீரில் தாங்கல் கரைசல் எவ்வளவு இருக்கிறது, மின்முனை எந்தப் பொருளால் ஆனது, அதன் பரப்பு எப்படி என்பவற்றுக்கு. தாங்கல் கரைசல் மிகுந்தால் துடிப்பு மங்கிவிடும். காரணத்தைத் தவறாகக் கொண்ட ஓர் ஆய்வு மாணவர் தம் வாழ்வில் மூன்று நான்கு ஆண்டுகளைத் தேவையற்ற இடத்தில் செலவழித்துவிடுவார். விவாதம் 1995இலேயே ஓய்ந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. மின்முனையையும் கரைசலையும் பொறுத்து இரண்டு விளைவுகளும் கலந்து வரக்கூடும். ஆனால் முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்களில் இரண்டாவதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. அதுவே என் குறை.

முதல் கட்டுரையில் எனக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. துடிப்பின் வடிவம் முதுகெலும்புள்ள விலங்குகளின் விழித்திரை தரும் பதிலைப் போன்றது என்ற ஒப்புமையைப் பற்றியது அது. இரண்டிலும் ரெட்டினால் இருப்பதால் ஒப்புமை மேலும் கவர்ச்சியாகிறது. ஆனால் நம் கண்ணில் உள்ள ரோடாப்சின் எதையும் இறைப்பதில்லை. அது ஒளியைப் பெற்றதும் வேறொரு புரதத்தைத் தட்டி எழுப்ப, அது ஒரு நொதியைத் தூண்ட, கடைசியில் உயிரணுவின் சோடியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. மேலும் விழித்திரையில் மாற்றத்தைத் தனியே பிரித்தறியும் வேலை பெருமளவு அதற்கடுத்த நரம்பு அணுக்களின் வலைப்பின்னலில் நடக்கிறது. வேடிக்கையாகச் சொன்னால், வானொலியும் மாமியாரும் ஓயாமல் பேசுகிறார்கள் என்பதால் இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றாகிவிடாது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒத்திருப்பது ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாகலாம்; சான்றாகாது.

மூன்றாவதாக, ராபர்ட் பர்ஜ் 1995 மார்ச்சில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய ‘புரத அடிப்படைக் கணிப்பொறிகள்’ என்ற கட்டுரை. ஊதாப் புரதத்தைத் தெளிந்த கூழ் ஒன்றில் கரைத்து, சிறு கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, குறுக்கும் நெடுக்குமாக லேசர் ஒளியைச் செலுத்தினால் பெட்டியின் எந்தப் புள்ளியிலும் செய்தியை எழுதலாம், படிக்கலாம் என்பது அதன் சாரம். தட்டையான வில்லையில் எழுதுவதற்குப் பதில் ஒரு கனசதுரம் முழுவதிலும் எழுதும் நினைவகம். கட்டுரை தெளிவாகவும் உற்சாகமாகவும் எழுதப்பட்டது. இயற்பியல் மாணவர் எவரும் படிக்கத் தக்கது.

முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கனசதுரம் எந்தக் கடைக்கும் வரவில்லை. இதைக் கொண்டு ஆசிரியரைக் குறை கூறுவது நேர்மையாகாது. காந்த வட்டும் சிலிக்கன் நினைவகமும் இவ்வளவு மலிவாகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களா? குறை வேறிடத்தில் இருக்கிறது. இப்புரதத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது, ஒளி பட்டபின் முதல் மாற்றம் சில பிக்கோசெகண்டில் முடிந்துவிடும் என்ற எண் முன்னே வைக்கப்படுகிறது. உண்மைதான். ஆனால் ஒரு பிக்கோசெகண்டில் காளை கால் எடுத்து வைத்தது என்பதால் வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததாகாது. முழுச் சுற்றுக்கு 10 மில்லிசெகண்டு வேண்டும்; முதல் மாற்றத்தைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் நீண்ட காலம் அது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எழுதி இந்தத் தாமதத்தை ஈடுகட்டலாம் என்பது பர்ஜின் வாதம், வாதம் தவறன்று. அக்கட்டுரையைச் சுருக்கி எழுதியவர்கள்தான் பிக்கோசெகண்டை வைத்துக்கொண்டு மில்லிசெகண்டை விட்டுவிட்டார்கள்.

பர்ஜ் பிறகு இதே புரதத்தைச் செயற்கை விழித்திரைக்குத் திருப்பினார். அவர் தொடங்கிய லாம்ப்டாவிஷன் என்ற நிறுவனம், சவ்வைச் சுமார் இருநூறு அடுக்குகளாகப் படியவைத்து, அந்தப் படலம் வெளியிடும் அயனிகளால் விழித்திரையின் நரம்பணுக்களைத் தூண்ட முயல்கிறது. எடையற்ற சூழலில் அடுக்குகள் சீராகப் படிகின்றனவா என்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் சோதனைகள் நடத்தியிருக்கிறது. இங்கே ஒரு நல்ல பாடம் தெரிகிறது. நரம்பணுவைத் தூண்டப் பெருமளவு மின்சாரம் தேவையில்லை. அயனிகளின் சிறு மாற்றமே போதும். மின்கலமாகத் தோற்ற படலம் அயனி ஊற்றாக வெல்லக்கூடும். ஆனால் பல அடுக்குகள் தொடராக நிற்கையில் மின்னோட்டம் பெருகுவதில்லை என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமா, அல்லது ஒவ்வோர் அடுக்கும் தன்னைச் சூழ்ந்த நீருக்குத் தனித்தனியே புரோட்டானைத் தருகிறதா என்ற கேள்வியை இத்தகைய செய்திகளில் யாரும் எழுப்பக் காணோம்.

இந்தக் குடும்பப் புரதங்களின் மிகப் பெரிய வெற்றி படலத்தில் வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பசும்பாசி ஒன்றில் இதன் உறவினமான சேனல்ரோடாப்சின் 2002, 2003 ஆண்டுகளில் இனங்காணப்பட்டது. ஒளி பட்டால் திறந்துகொள்ளும் வாயில் அது. அதற்குரிய மரபணுவை நரம்பணுவில் சேர்த்து, ஒளியாலேயே நரம்பை இயக்க முடியும் என்று 2005இல் காட்டினர். இன்று மூளை ஆராய்ச்சியில் அது அன்றாடக் கருவி. 2021இல் ஓஸ்டர்ஹெல்ட், ஹெகெமான், டைசராத் மூவருக்கும் லாஸ்கர் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. உப்பு நீரில் ஊதா நிறம் ஏன் என்று கேட்டவருக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த பரிசு.

இனி நம் கல்லூரிகளுக்கு வருவோம். கண்காட்சிகளில் கடத்தும் கண்ணாடியின்மேல் கீரைச் சாற்றையோ செம்பருத்திச் சாயத்தையோ பூசி, மேலே வேறோர் உலோகத் தகட்டை வைத்து, வெயிலில் காட்டி, ‘200 மில்லிவோல்ட்’ என்று எழுதி வைக்கும் மாணவர்களைப் பார்க்கிறோம். ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் மின்னழுத்தம் வரும்; அதற்கு வெயில் வேண்டியதில்லை. ஆகவே முதலில் கறுப்புத் துணியால் மூடி, இருட்டில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயம் பூசாமல் மற்றெல்லாம் ஒன்றாக அமைத்த இன்னோர் அமைப்பையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வெயில் சூடாக்குவதாலும் எண் மாறும். ஒளி வரும் வழியில் நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தால் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதி நீரில் தங்கிவிடும். பின் நிறக் கண்ணாடிகள். கீரையின் பச்சையம்தான் காரணமென்றால் சிவப்பு ஒளியில் எண் உயர்ந்து, பச்சை ஒளியில் தாழ வேண்டும். எந்த நிறத்துக்கும் ஒரே எண் வந்தால் பச்சையத்துக்கு அதில் பங்கில்லை. புற ஊதாக் கதிரில் மட்டும் எண் எகிறினால், வேலை செய்வது பெரும்பாலும் சாயத்தின் அடியில் உள்ள ஆக்சைடுப் பூச்சே.

கடைசியாக ஒன்று, இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. இக்காலத்து எண் மல்ட்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவில் இருப்பதால், 20 நானோ ஆம்பியர் தரும் படலமும் அதில் 200 மில்லிவோல்ட் என்று காட்டிவிடும். அதன் குறுக்கே 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்துவிட்டு மீண்டும் படியுங்கள். அதே 20 நானோ ஆம்பியருக்கு இப்போது வருவது 20 மைக்ரோவோல்ட். மல்ட்டிமீட்டரில் பூச்சியம்தான் தெரியும். கண்காட்சி அட்டையில் இந்த இரண்டாவது எண்ணையும் முதல் எண்ணின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும்.